மேல்மாடியில் நாலு அறை

பதினாலு வயது ஆகாத பிள்ளைகள், பப் திறந்திருக்கும் நேரத்தில் பாருக்குள் நிற்கக் கூடாது என்று இங்கிலாந்தின் 1964ஆம் ஆண்டு மதுபான உரிமச் சட்டம் சொன்னது. உரிமம் பெற்றவரின் சொந்தப் பிள்ளைக்கு அந்தத் தடை கிடையாது. அப்பா இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய அன்றே, கணப்படுப்புக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசை என்னுடையதாயிற்று. பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கேதான் வீட்டுப்பாடம் செய்வேன். இந்தப் பக்கம் நிலக்கரி எரியும். அந்தப் பக்கம் டொமினோக் கட்டைகள் பலகையில் அடிபடும். ஐந்தும் மூன்றும் என்று ஓர் ஆட்டம். இரண்டு முனைகளின் கூட்டுத்தொகை ஐந்தாலோ மூன்றாலோ பிரிபட்டால்தான் புள்ளி. செம்மறி வளர்க்கும் கிழவர்கள் வாய்க்குள் கணக்குப் பார்த்து முடிக்க முதலே நான் விடையைச் சொல்லிவிடுவேன். சொல்லக் கூடாது என்று அம்மா கண்ணால் அதட்டுவா.

1995ஆம் ஆண்டு கோடையில் யோர்க்‌ஷயர் டேல்ஸில் இருந்த அந்த வீட்டுக்குப் போனோம். எனக்கு எட்டு வயது. அப்பா எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, லீட்ஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு பாருக்குள் ஏறி, கடைசியில் அங்கேயே மேற்பார்வைக்கு நின்றவர். பியர்க் கம்பனி ஒன்று தன்னுடைய கிராமத்து பப்பை நடத்த ஆள் தேடுகிறது என்று அவருக்குத் தெரியவந்தது. கட்டடம் கம்பனியுடையது. வாடகை கட்ட வேண்டும், பியரை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். மேல்மாடியில் நாலு அறைகள் இருந்தன. அவற்றில் வரும் காசு முழுவதும் நடத்துகிறவருக்கு. இந்தக் கடைசி வரியைத்தான் அப்பா பிடித்துக்கொண்டார்.

ஈஸ்ட்ஹாமில் இருந்து பெரியப்பா ரெலிபோனில் சத்தம் போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா காதிலிருந்து றிசீவரைத் தள்ளிப் பிடித்திருந்தார்.

"தவறணை நடத்தவோடா நீ இஞ்சை வந்தனி? எங்கட ஆக்களிலை ஆராவது இதைச் செய்தவையோ? பெட்டைப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு…"

"அண்ணை, ஆக்கள் வந்து தங்கிச் சாப்பிட்டுப் போற இடம். நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. பார்த்திட்டுப் பேசுங்கோ."

பெரியப்பா வந்து பார்க்கக் கனகாலம் எடுத்தது. பெரியம்மா அதுவரை காத்திருக்கவில்லை. தன் சீட்டைக் கழித்து எடுத்து அந்தக் காசை அப்பாவின் கையில் கொடுத்தா. அதுவரை நாலு அறைக்கும் சேர்த்து நடையின் கடைசியில் ஒரேயொரு குளியலறைதான் இருந்தது. வாரக்கடைசிக்கு வருகிறவர்கள் அறையோடு சேர்ந்த குளியலறை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். பெரியம்மாவின் சீட்டுக் காசில் நாலு அறைக்கும் தனித்தனியே குளியலறை போட்டோம்.

அந்தக் காலத்தில் பப் உரிமம் நீதவான்களிடம்தான் பெற வேண்டும். அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பெற்று வந்தார். உரிமம் பெற்றவரின் பெயர் வாசலுக்கு மேலே எழுதியிருக்க வேண்டும் என்பதும் சட்டம். பெயர் எழுத வந்த கிழவர் அப்பாவின் பெயரைக் கடதாசியில் எழுதி வாங்கிப் பலகையை அளந்தார். போதாது, முதலெழுத்துகளோடு நிறுத்தலாமா என்று கேட்டார். அப்பா சம்மதிக்கவில்லை. கிழவர் ஏணியில் நின்று, எழுத்துகளை ஒடுக்கி ஒடுக்கி, பொன்னிற மையில் முழுப் பெயரையும் எழுதி முடித்தார். அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தா.

எங்கள் ஊர் ரிபிள்ஸ்டேல் பள்ளத்தாக்கில், செட்டில் என்ற சின்னப் பட்டணத்துக்கு வடக்கே இருந்தது. சுண்ணாம்புக் கல்லை அடுக்கிக் கட்டிய, சாந்து பூசாத மதில்கள் மலை உச்சிவரை ஏறிப் போகும். பென்-இ-கென்ட், இங்கிள்பரோ, வேர்ன்சைட் என்று மூன்று மலைகள். மூன்றையும் ஒரே நாளில், பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் ஏறி இறங்குவதற்கென்றே சனம் வரும். ஏறத்தாழ 24 மைல் நடை. அவ்வளவு தூரம் நடக்காதவர்கள் லீட்ஸில் ரயில் ஏறி, ரிபிள்ஹெட்டில் 24 வளைவுகள் கொண்ட பாலத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு இரவு தங்கிப் போவார்கள். அந்த ரயில் பாதையை மூடிவிடத்தான் அரசாங்கம் நினைத்திருந்தது. மக்கள் வருடக்கணக்காகப் போராடி 1989இல் காப்பாற்றினார்கள். அந்தப் பாதை போயிருந்தால் எங்கள் நாலு அறையும் நிரம்பியிராது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணியிலிருந்து வந்து இறங்குவார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஆஸ்பத்திரித் தாதிமார், புதிதாகக் கல்யாணம் கட்டியவர்கள், ஒவ்வொரு வருடமும் அதே கிழமையில் அதே அறையைக் கேட்கும் வயதான சோடிகள். இருளில் வந்து வாசலைத் திறந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்த மூச்சைக் கேட்கத்தான் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து ஓடி வருவா என்று இப்போது நினைக்கிறேன். அவவிடம் ஒரு ஒற்றைறூள் கொப்பி இருந்தது. வந்து தங்கியவர்களைப் பற்றி அதில் தமிழில் எழுதி வைப்பா. 'இரண்டாம் அறை. ஐயாவுக்கு முதுகு நோ. கட்டை மெத்தை. அம்மாவுக்கு வெறும் தேத்தண்ணி, முட்டை ஒத்துவராது.' அடுத்த வருடம் அவர்கள் வந்து இறங்கும்போது மெத்தைக்குக் கீழே பலகை போட்டிருக்கும், காலைச் சாப்பாட்டில் முட்டை இராது. எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் வியக்க, அம்மா சிரித்துக்கொண்டு நிற்பா.

என் வேலை சப்பாத்துகள். நடைக்காரர்கள் மழையில் ஊறி வருவார்கள். டேல்ஸில் மழைக்குப் பஞ்சமில்லை. பின்வாசலுக்குப் பக்கத்தில் கொதிநீர்த் தாங்கி நிற்கும் சின்ன அறையில் ஈர உடுப்பைத் தொங்கவிட்டு, சப்பாத்துகளுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணிக்க வேண்டும். படுக்கப் போக முதல் அந்தப் பேப்பரை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணிக்க வேண்டும். இரண்டாம் முறை திணிக்காவிட்டால் விடியவும் ஈரம் இருக்கும். நாக்கை முன்னுக்கு இழுத்து, பெருவிரல் பக்கம்வரை பேப்பர் போகிறதா என்று கையை விட்டுப் பார்ப்பேன். ஈரக் கம்பளிக் காலுறை, சேறு, தோல், மெழுகு எல்லாம் கலந்த வாசம் அந்த அறையில். அந்த வாசம் எனக்கு அருவருப்பாக இருந்ததேயில்லை.

காலைச் சாப்பாடு அம்மாவின் பொறுப்பு. பேக்கன், சொசேஜ், இரத்தத்தில் செய்யும் கறுப்புப் புடிங், பொரித்த தக்காளி, காளான், முட்டை. அம்மா வெள்ளிக்கிழமை விரதக்காரி. வெள்ளி காலை எட்டு மணிக்குப் பன்றி பொரித்துக் கொடுத்துவிட்டு, ஒன்பதரைக்குத் தலை முழுகி, எங்கள் அறையில் இருந்த முருகன் படத்துக்கு விளக்கேற்றி, அதற்குப் பிறகுதான் ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பா. அதில் அவவுக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. பெரியம்மா ஒருமுறை கேட்டதற்கு, "பசிச்ச ஆக்களுக்குக் குடுக்கிறன். அதிலை என்ன?" என்று மட்டும் சொன்னா.

இரவு பதினொன்றுக்கு அப்பா மணி அடிப்பார். கையில் உள்ளதைக் குடித்து முடிக்க இருபது நிமிடம். பிறகு ஊர்க்காரர் எழும்பிவிட வேண்டும். மேலே அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு இல்லை, இருந்து குடிக்கலாம். மேட்டுப் பண்ணைக் கிழவர் ஒருவர் தினமும் தொப்பியைப் போட்டுக்கொண்டே, இன்றைக்கு ஒரு கட்டில் காலியாக இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்பார். அவர் வீடு அங்கிருந்து கூப்பிடுதூரம்.

நிலக்கீழ் அறைக்கு நான் விரும்பிப் போவேன். கோடையிலும் மாரியிலும் அங்கே ஒரே குளிர், பன்னிரண்டு பாகை. பீப்பாய்க்குள்ளேயே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் பியரைத்தான் அந்த ஊர்க்காரர் பியர் என்று ஒத்துக்கொள்வார்கள். ஃபேர்க்கின் என்ற சின்னப் பீப்பாய் ஒன்பது கலன் கொள்ளும், 72 பைன்ட். அதைப் படுக்கையாகத் தாங்கியில் ஏற்றி, இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, அசையாமல் விட வேண்டும். மேலே உள்ள துளையில் அப்பா மென்மரத்து ஆப்பு ஒன்றை அடிப்பார். மரத்தின் நரம்புகளுக்குள்ளால் நுரை புசுபுசுவென்று வரும். நுரை அடங்கியதும் அதைப் பிடுங்கிவிட்டு வன்மரத்து ஆப்பு. பீப்பாய்க்குள் போட்டிருக்கும் மீன்பசை மண்டியை எல்லாம் அடிக்கு இழுத்துக்கொண்டு போகும். ஒரு நாள் போனதும், கண்ணாடிக் கிளாசில் கொஞ்சம் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, எனக்குக் காட்டுவார். "என்ர விரல் தெரியுதே?" விரல்ரேகை தெரிந்தால் மேலே கொடுக்கலாம். குடிப்பழக்கம் இல்லாத மனிசன், ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்.

அந்த பியருக்கு ஆயுள் குறைவு. பீப்பாயைத் திறந்ததும் காற்றுப் படும்; மூன்று நாளுக்குள் விற்று முடிக்க வேண்டும். ஊரில் வழமையாக வந்து குடிக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு இரண்டு பைன்டுக்கு மேல் குடிப்பவர்கள் குறைவு. விடிய எழும்பி ஆடு பார்க்கப் போக வேண்டியவர்கள். அவர்களால் மட்டும் ஒரு பீப்பாய் மூன்று நாளில் முடியாது. மீதியைக் குடித்தவர்கள் மேல்மாடியில் படுத்தவர்கள். அம்மா மேலே கட்டில் விரித்ததால்தான் கீழே பியர் புளிக்காமல் இருந்தது. பியர் புளிக்காததால்தான் ஊர் வந்து இருந்தது. கிராமத்து பப்புகள் மூடுகின்றன என்ற செய்தி வரும்போதெல்லாம் வரி, பியர் விலை, 2007இல் வந்த புகைத்தடை என்று காரணம் எழுதுகிறார்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். மேலே அறைகள் இருந்தனவா, அவற்றை யார் கவனித்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். அந்த வேலை ஒருவருடைய கண்ணிலும் படாத வேலை.

புதன் இரவில் கறி. அதை அம்மா தானாகத் தொடங்கவில்லை. குசினியில் எங்களுக்கென்று சமைத்த வாசம் பாருக்குள் போய், மேட்டுப் பண்ணைக் கிழவர் அது என்ன என்று விசாரித்ததில் தொடங்கியது. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஈஸ்ட்ஹாமில் இருந்து வரும். இறைச்சி அந்த மலையில் வளர்ந்த சுவேல்டேல் ஆடு. தன் பண்ணை ஆட்டை யாழ்ப்பாணத்துக் குழம்பில் முதன்முதலாகத் தின்ற கிழவர் கோப்பையை ரொட்டியால் துடைத்துவிட்டு, கண்ணையும் துடைத்துக்கொண்டார். உறைப்பு. அடுத்த புதன் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

2001 மாசி மாதம் 20ஆம் தேதி, தெற்கே எசெக்ஸில் ஒரு இறைச்சிக் கொட்டிலில் பன்றிகளுக்குக் கோமாரி என்று உறுதியாயிற்று. ஒரு கிழமைக்குள் நாடு முழுவதும் நடைபாதைகளை மூடத் தொடங்கினார்கள். வேலிப் படலைகளில் சிவப்பு எழுத்தில் அறிவிப்புகள். வாசலில் கிருமிநாசினி ஊற்றிய வைக்கோல் பாய். ஒவ்வொரு முறையும் அதில் மிதித்துத்தான் வீட்டுக்குள் வருவேன். ரெலிபோன் ஓயவில்லை. எல்லாம் அறை வேண்டாம் என்று சொல்கிறவர்கள். அப்பா பதிவுக் கொப்பியில் பெயர்களைப் பென்சிலால்தான் எழுதுவார். அந்தப் பங்குனியில் அழித்து அழித்துக் கடதாசி கிழிந்தது. ஒவ்வொரு சித்திரையும் மூன்று மலைகளிலும் நடக்கும் ஓட்டப் போட்டிக்கு ஒரு வருடத்துக்கு முதலே எங்கள் அறைகளுக்கு ஆள் சொல்லிவிடும்; அந்த வருடம் போட்டியே நடக்கவில்லை.

பண்ணைக்காரர்களும் வரவில்லை. தங்கள் சப்பாத்தில், கார்ச் சில்லில் நோய் ஒட்டிக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில் படலையைத் தாண்டாமல் இருந்தார்கள். டொமினோப் பெட்டியைத் திறக்க ஆள் இல்லை. சனிக்கிழமைகளில் அப்பா போத்தல் பியரையும் அம்மாவின் கறியையும் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு பண்ணையின் ஒழுங்கை முனையிலும் இறக்கிவிட்டு, ஹோர்னை ஒருமுறை அடித்துவிட்டு வருவார். பீப்பாய் பியரில் பாதியைச் சாக்கடையில்தான் ஊற்றினோம். ஊற்றும்போது அப்பா என்னை நிலக்கீழ் அறைக்கு வர விடமாட்டார்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி பள்ளத்தாக்கின் மேற்கோடியில் உள்ள பண்ணைப் பிள்ளை. பள்ளிக்கூடம் போக வேண்டுமானால் அவள் வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது. வீட்டில் இருந்தால் பள்ளிக்கூடம் இல்லை. அவளுடைய அம்மா ரெலிபோனில் தயங்கித் தயங்கிக் கேட்டா. எங்கள் அம்மா முழுவதையும் கேட்டு முடிக்கவில்லை. அன்று பின்னேரம் மூன்றாம் அறையில் புது விரிப்பு விரித்து, கொதிநீர்ப் போத்தலும் வைத்தாயிற்று. காசுப் பேச்சு ஒருநாளும் வரவில்லை. இரவு ஏழு மணிக்கு நடையில் உள்ள ரெலிபோனில் தகப்பனோடு கதைப்பாள். எந்தச் செம்மறி எத்தனை குட்டி போட்டது என்று அவர் சொல்ல, இவள் கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள்.

வைகாசியில் நோய் செட்டில் பக்கம் வந்தது. ஒருநாள் காலை அரசாங்க அலுவலகம் ஒன்றிலிருந்து அழைப்பு. வெளியூர்களில் இருந்து மிருக வைத்தியர்கள் வந்திருக்கிறார்கள், நாலு அறையும் வேண்டும், எத்தனை கிழமை என்று சொல்ல முடியாது, முழு வாடகை தருவோம் என்றார்கள். கம்பனிக்கு இரண்டு தவணை வாடகை நிலுவை. அம்மாவின் காப்பு ஏற்கெனவே லண்டனில் அடைவில். அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டு, குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தார்.

"அவையள் பாவம், அவையின்ர வேலை அது," என்றார். "எங்கையாவது படுக்கத்தானே வேணும்."

அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தா. "மேலை ஒரு பிள்ளை படுத்திருக்குது. அதின்ர வீட்டு மாட்டைச் சுட வாறவையை அடுத்த அறையிலை படுக்க வைக்கேலுமே? அவையின்ர உடுப்பிலை நோய் வந்தால் அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு என்ன சொல்லுவியள்?"

அப்பா எழும்பிப் போய், ஆள் தங்கியிருக்கிறது, அறை இல்லை என்று சொன்னார். ஒரு அறையில்தான் ஆள். அதைப் பற்றி வீட்டில் பிறகு யாரும் பேசவில்லை. கடனை அடைக்க அடுத்த வருடம் முழுவதும் எடுத்தது. அவர்கள் செய்தது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்று நானே வாடகை கட்டுகிற வயதிலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தோழியின் பண்ணையில் நோய் வரவில்லை. பக்கத்துப் பண்ணையில் வந்தது. நோய் கண்ட பண்ணைக்கு அடுத்த பண்ணைகளின் மந்தைகளையும் அழிப்பது அந்த வருடத்து விதி. அந்த மலைச் செம்மறிகளுக்கு வேலி கிடையாது. தாய் மேயும் எல்லையைக் குட்டி பார்த்துப் பழகும், அதன் குட்டி அதைப் பார்த்துப் பழகும். அந்த மந்தை போனால், சந்தையில் வாங்கிக் கொண்டுவந்து விடுகிற ஆட்டுக்கு மலை தெரியாது. இவ்வளவையும் அவள் எனக்குச் சொன்னது தகப்பனின் ரெலிபோன் வந்த இரவில், மூன்றாம் அறைக் கட்டிலில் இருந்துகொண்டு. அழவில்லை. விடியுமட்டும் ஒவ்வொரு ஆடாகச் சொன்னாள். அம்மா பால்தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களோடேயே இருந்தா. நாடு முழுவதும் அந்த வருடம் கொன்ற மிருகங்கள் அறுபது லட்சத்துக்கு மேல்.

கோடை கழிந்துதான் அவள் வீடு போனாள். நடைபாதைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை நாலு அறையும் நிரம்பின. முதுகு நோக்காரரும் மனைவியும் வந்திருந்தார்கள். அம்மா மத்தியானமே பலகையைத் தேடி எடுத்துப் போட்டிருந்தா. ஏழு மணிக்கு மேட்டுப் பண்ணைக் கிழவர் வந்து, தானே அலுமாரியைத் திறந்து டொமினோப் பெட்டியை எடுத்தார். பின்னால் தோழியின் தகப்பன். எல்லோரும் எழும்பி இடம் விட்டார்கள். யாரும் ஆடுகளைப் பற்றிக் கேட்கவில்லை. தங்க வந்த தாதி ஒருத்தி தனக்கும் ஆட்டம் பழக்கிவிடச் சொல்லிக் கேட்டாள். அவர் பழக்கிவிட்டார், அவள் இரண்டு ஆட்டம் வென்றாள். நான் பின்வாசல் அறையில் பேப்பர் திணித்துக்கொண்டிருந்தேன். பேப்பர் போதாமல் பாருக்குள் வந்து அன்றைய பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு போனேன்.

வெள்ளி திறந்த பீப்பாய் சனி இரவே முடிந்துவிட்டது. திங்கள் காலை அப்பா கம்பனிக்கு ரெலிபோன் எடுத்து, வழமையான ஒன்றுக்குப் பதிலாக மூன்று ஃபேர்க்கின் அனுப்பச் சொன்னார். அம்மா மேலே நாலு கட்டில்களின் விரிப்புகளையும் உருவி, நடையில் எறிந்துகொண்டிருந்தா.